உங்களுக்குக் கீழ் வேலை செய்யும் இருவர் மோதிக்கொண்டால்: மேற்பார்வையாளர் நேர்காணலுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்து நூற்பாலை, விசைத்தறிக்கூடம், ஜவ்வரிசி ஆலை, துணிக்கடை, ஏற்காட்டு விடுதி என எந்த இடத்தில் முதன்முறையாக மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பித்தாலும், நேர்காணலில் அநேகமாக வந்தே தீரும் கேள்வி ஒன்று உண்டு. “உங்களுக்குக் கீழ் வேலை செய்யும் இரண்டு பேருக்குள் தகராறு வந்தால் என்ன செய்வீர்கள்?” சில இடங்களில் இதையே, “அப்படி ஒரு தகராறைத் தீர்த்து வைத்த அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதலாவது கேள்வி உங்கள் யோசனையைக் கேட்கிறது, இரண்டாவது உங்கள் செய்கையைக் கேட்கிறது. நடந்ததைச் சொல்லுங்கள் என்றவரிடம் “இப்படிச் செய்ய வேண்டும்” என்று அறிவுரை சொல்லத் தொடங்கினால், உங்களிடம் அனுபவம் இல்லை என்று அவர் குறித்துக்கொள்வார். ஆகவே கேள்வி எந்த வகை என்பதை முதலில் கவனித்துக் கேளுங்கள்.

பெரும்பாலோர் சொல்லும் பதில், “இருவரையும் கூப்பிட்டுப் பேசி, சமாதானம் செய்து வைப்பேன்” என்பது. இதில் தவறு எதுவும் இல்லை, தகவலும் இல்லை. யாரை முதலில் கூப்பிட்டீர்கள், என்ன கேட்டீர்கள், எதைச் சரிபார்த்தீர்கள், அதன் பிறகு எது மாறியது என்பவை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் மறைந்துபோகின்றன. “எல்லோரும் எனக்கு அண்ணன் தம்பி மாதிரி, என் ஷிப்டில் சண்டையே வராது” என்ற பதில் இதைவிடவும் ஆபத்தானது. பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் மனக்கசப்பே வராது என்று சொல்பவர், வந்தபோது பார்க்காமல் இருந்துவிட்டார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே கருத்தை அடியொற்றிச் செல்கிறது. ஊழியர் இருவரின் சண்டைக்கு அடியில் பெரும்பாலும் வேலை ஏற்பாட்டில் உள்ள ஒரு ஓட்டை இருக்கும். கூலி கணக்கிடும் முறை, ஓவர்டைம் பங்கீடு, கருவிகள் கை மாறும் நேரம், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற தெளிவின்மை போன்றவற்றில் ஏதோ ஒன்று அந்த இருவரையும் ஒருவர்மேல் ஒருவர் மோத வைத்திருக்கும். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தேன் என்று காட்டும் பதில்தான் மேற்பார்வையாளரின் பதில். குணத்தை மட்டும் குறை சொல்லும் பதிலை வேடிக்கை பார்த்த எவரும் சொல்லிவிடலாம்.

முதல் படி: சம்பவத்தைத் தேர்ந்தெடுத்தல்

நேர்காணலுக்குப் போகும் முன்பே இரண்டு சம்பவங்களையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையம் வரை போன சண்டையும் வேண்டாம், மின்விசிறியை யார் நிறுத்தியது என்ற அளவிலான சில்லறைப் பிணக்கும் வேண்டாம். வேலை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், நீங்கள் ஏதேனும் செய்திருக்க வேண்டும், செய்ததன் விளைவு கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

இதுவரை மேற்பார்வையாளராக இருந்ததில்லை என்பவர்கள் இந்த இடத்தில் தயங்குவார்கள். சூப்பர்வைசர் விடுப்பில் போன நாள்களில் ஷிப்டைப் பார்த்துக்கொண்ட மூத்த ஆபரேட்டர், கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் குழுத் தலைவராக இருந்தவர், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போது அன்னதானத்துக்கு ஆள் பிரித்து வேலை கொடுத்தவர் ஆகிய எல்லோரிடமும் சொல்லத் தகுந்த சம்பவம் இருக்கும். “இது தொழிற்சாலையில் நடந்ததில்லை, முகாமில் நடந்தது” என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். அதைக் குறையாக யாரும் எண்ணமாட்டார்கள். இல்லாததைக் கற்பனை செய்வதுதான் கேடு. அந்தத் துறையில் ஊறிய ஒருவர், “அன்றைக்கு ஷிப்டில் எத்தனை பேர் இருந்தீர்கள், அந்த மிஷின் எவ்வளவு நேரம் நின்றது” என்று இரண்டு கேள்விகள் கேட்டாலே கற்பனை கலைந்துவிடும்.

சேலத்துக்கென்றே சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கொண்டலாம்பட்டியில் தறிக்கூடம் வைத்திருப்பவருக்கும் அம்மாப்பேட்டையில் வைத்திருப்பவருக்கும் அறிமுகம் இருக்கும், ஒரு மில்லில் மனிதவளப் பிரிவில் இருப்பவர் முன்பு இன்னொரு மில்லில் இருந்திருப்பார். ஆகவே சம்பவத்தில் வருபவர்களின் பெயரையோ பழைய நிறுவனத்தின் உள்விவகாரத்தையோ சொல்லாதீர்கள். “மூத்த நெசவாளர் ஒருவர்”, “புதிதாகச் சேர்ந்த ஃபிட்டர்” என்று பொறுப்பை வைத்தே குறிப்பிடுங்கள். பழைய இடத்து இரகசியத்தை இங்கே சொல்பவர் நாளை இந்த இடத்து இரகசியத்தை வேறெங்கோ சொல்வார் என்ற எண்ணம், கேட்பவருக்கு உடனே எழும்.

இரண்டாம் படி: பதிலைக் கட்டுதல்

இத்தகைய கேள்விகளுக்கு உலகெங்கும் கற்றுத் தரப்படும் அமைப்பு ஒன்று இருக்கிறது. முதலில் சூழல், அடுத்து அதில் உங்கள் பொறுப்பு, பிறகு நீங்கள் செய்த செயல், இறுதியில் விளைவு என்று நான்கு பகுதிகளாகச் சொல்வது அது. அமைப்பு நல்லதுதான். ஆனால் புதியவர்கள் சூழலை விவரிப்பதிலேயே பாதி நேரத்தைச் செலவழித்துவிட்டு, செயலை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு நிமிடப் பதிலில் பாதிக்கு மேல் செயலுக்கே ஒதுக்குங்கள். அந்தப் பகுதியில் “நாங்கள்” என்பதைக் குறைத்து “நான்” என்று சொல்லுங்கள். பணிவின் பொருட்டு “எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்” என்று சொல்வது நம் வழக்கம், ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் எதிரில் இருப்பவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

எடுத்துக்காட்டாக, விசைத்தறிக்கூடத்தில் இரவு ஷிப்டைப் பார்த்துக்கொண்ட ஒருவர் இப்படிச் சொல்லலாம்:

“எங்கள் கூடத்தில் தறி ஓட்டுபவர்களுக்கு மீட்டர் கணக்கில் கூலி, ஃபிட்டருக்கு மாதச் சம்பளம். ஒரு நாள் இரவு மூத்த நெசவாளர் ஒருவர், ஃபிட்டர் தனக்கு வேண்டியவர்களின் தறியைத்தான் முதலில் பார்க்கிறார் என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டார். இனி அவருடைய தறியைத் தொடவே மாட்டேன் என்று ஃபிட்டரும் சொல்லிவிட்டார். தறி நிற்காமல் பார்த்துக்கொள்வதும், யார் பக்கமும் சாயாமல் நடந்ததைத் தெரிந்துகொள்வதும் என் பொறுப்பாக இருந்தது.

முதலில் நின்றிருந்த தறியைச் சரிசெய்து கொடுக்கும்படி ஃபிட்டரிடம் கேட்டேன். மற்றதை ஷிப்ட் முடிவதற்குள் பேசுவோம் என்று இருவரிடமும் சொன்னேன். டீ நேரத்தில் நெசவாளரைத் தனியாகப் பார்த்து, ‘அண்ணே, எந்தெந்த நாள் தறி நின்றது, எவ்வளவு நேரம்?’ என்று கேட்டேன். அந்த வாரத்திலேயே இரண்டு முறை நெடுநேரம் நின்றதாகவும், அதனால் கூலி குறைந்துபோனதாகவும் சொன்னார். பிறகு ஃபிட்டரைக் கேட்டேன். யார் முதலில் கூப்பிட்டார்கள் என்பதே தனக்குத் தெரிவதில்லை, பக்கத்தில் வந்து நிற்பவரோடு போய்விடுகிறேன் என்றார். இருவர் சொன்னதும் பொய்யில்லை. தறி எப்போது நின்றது என்று எழுதி வைக்கும் வழக்கமே எங்களிடம் இல்லாததுதான் காரணம் என்று எனக்குப் பட்டது.

பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினேன். கூடத்தின் வாசலில் ஒரு பலகை வைத்து, தறி நின்றதும் ஓட்டுபவர் தறி எண்ணையும் நேரத்தையும் எழுத வேண்டும், ஃபிட்டர் அந்த வரிசைப்படி பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஐந்து நிமிட வேலை என்றால் வரிசை மாறலாம், ஆனால் காரணத்தைப் பலகையில் எழுத வேண்டும் என்று ஃபிட்டர் கேட்டார், அதை ஏற்றுக்கொண்டேன். கூட்டத்தில் கத்தியது சரியில்லை என்று நெசவாளரிடம் தனியாகச் சொன்னேன். தறியைத் தொடமாட்டேன் என்று சொல்வது வேலையை மறுப்பதாகும் என்று ஃபிட்டரிடமும் தனியாகச் சொன்னேன். காலையில் மேலாளருக்கும் தெரிவித்தேன்.

அடுத்த வாரங்களில் பலகைக் கணக்கைப் பார்த்தபோது எந்தத் தறியும் மற்றவற்றைவிட அதிக நேரம் காத்திருக்கவில்லை. அந்தப் புகார் மறுபடி வரவில்லை. இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒருவரையொருவர் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்கிறார்கள்.”

இந்தப் பதிலை நான் விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. தறி நின்றால் ஒருவருக்குக் கூலி போகிறது, இன்னொருவருக்குப் போவதில்லை என்ற முதல் வாக்கியமே சண்டையின் வேரைக் காட்டிவிடுகிறது. கேட்பவர் தறித் தொழிலை அறிந்தவராக இருந்தால் அங்கேயே தலையசைப்பார். இரண்டாவதாக, உடனடி வேலையும் நிலையான தீர்வும் தனித்தனியாகக் கையாளப்பட்டிருக்கின்றன. கோபம் தணியும்வரை தறி நின்றுகொண்டிருக்க முடியாது, கோபம் தணியாத நேரத்தில் நியாயம் பேசவும் முடியாது. மூன்றாவது காரணம் தனியாகக் கேட்டது. நம் ஊரில் வயதில் மூத்தவரை இளையவர் முன்னிலையில் கேள்வி கேட்டால், அவர் உண்மையைச் சொல்வதைவிட மானத்தைக் காத்துக்கொள்வதில்தான் முனைவார். அதனால் முதலில் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் பேசுவதே இங்கே பொருந்தும் வரிசை. கண்டிப்பும் தனியாகவே நடந்திருக்கிறது, இருவருக்கும் நடந்திருக்கிறது. ஏற்பாட்டில் ஓட்டை இருந்தது என்பதற்காக அவர்களுடைய நடத்தை மன்னிக்கப்பட்டுவிடவில்லை. கடைசியாக, விளைவு மிகையில்லாமல் சொல்லப்பட்டிருக்கிறது. “அன்று முதல் அண்ணன் தம்பியாகப் பழகினார்கள்” என்று முடித்திருந்தால் முழுப் பதிலின் மீதும் ஐயம் விழுந்திருக்கும்.

வயதில் மூத்தவரை மேற்பார்வை செய்வது பற்றிக் கூடுதலாக ஒரு சொல். “அண்ணே”, “அக்கா” என்று அழைப்பதை விட்டுவிட வேண்டியதில்லை, முடிவில் மட்டும் தளராமல் இருந்தால் போதும். மரியாதையும் உறுதியும் ஒரே பேச்சில் இருக்க முடியும் என்பதை உங்கள் பதிலில் ஓர் இடத்திலாவது காட்டுங்கள். இளம் வயதில் பொறுப்புக்கு வருபவரிடம் நேர்காணல் செய்பவருக்கு உள்ள பெரிய கவலையே அதுதான்.

உங்கள் துறை வேறாக இருந்தால், வேரும் வேறாக இருக்கும். ஏற்காட்டு விடுதியில் மே மாதக் கூட்டத்தின்போது வரவேற்பு மேசையில் இருப்பவருக்கும் அறை சுத்தம் செய்பவருக்கும் வரும் மோதலுக்குக் காரணம், அறை தயாராகும் முன்பே விருந்தினருக்கு வாக்குக் கொடுத்துவிடுவது. முன்கூட்டியே வருவோர் பட்டியலை முதல் நாள் மாலையே சுத்தம் செய்யும் பிரிவுக்குக் கொடுப்பது அதற்கான வழி. காபித் தோட்டத்தில் பறித்த எடைக்குக் கூலி என்றால், காய்ப்பு அதிகமுள்ள வரிசை யாருக்கு என்பதே சண்டையாகும், வரிசையைச் சுழற்சி முறையில் மாற்றிக் கொடுத்தால் பாதி ஓய்ந்துவிடும். துணிக்கடையில் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பேர் சேலை எடுத்துக் காட்டியபின் ஊக்கத்தொகை யாருக்கு என்று வரும் தகராறும் இந்த இனம்தான். நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் கூலியும் பாராட்டும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போனால், தகராறு எங்கிருந்து வரும் என்பதை நீங்களே ஊகித்துவிடலாம்.

மூன்றாம் படி: சமாதானம் பேசக் கூடாதவற்றை அறிதல்

நல்ல பதிலையும் சிறந்த பதிலையும் பிரிப்பது இந்தப் பகுதி என்று உறுதியாக நம்புகிறேன், ஏனெனில் இதில் தவறினால் நேர்காணலில் வேலை போவதோடு முடியாது, பின்னாளில் ஒருவருடைய வாழ்க்கையே பாதிக்கப்படலாம்.

பெண் ஊழியர் ஒருவர், உடன் வேலை செய்பவர் தகாத முறையில் பேசுகிறார், தொடுகிறார் என்று சொன்னால், அது “இரண்டு பேருக்குள் பிரச்சினை” ஆகாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்றும், பாதிக்கப்பட்ட பெண் தாமாகக் கேட்டால் மட்டுமே சமரசத்துக்கு இடம் உண்டு என்றும், அந்தச் சமரசம் பணத்தை அடிப்படையாகக் கொண்டிருக்கக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. அதைவிடச் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. ஆகவே “இருவரையும் கூப்பிட்டுப் பேசி முடித்தேன்” என்று இதில் சொல்லவே கூடாது. “அவர் சொன்னதை முழுமையாகக் கேட்டேன், குழுவிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம் என்பதைச் சொல்லி அதற்கு உதவினேன், விவரத்தை வேறு யாரிடமும் பேசவில்லை” என்பதே பொறுப்பான பதில்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும் அப்படியே. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டம் 1989-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து பழங்குடி மக்கள் வேலைக்கு வரும் தோட்டத்திலும் விடுதியிலும் இதை அறியாமல் மேற்பார்வைக்குப் போகக் கூடாது. “ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டார், விட்டுவிடுங்கள்” என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்வது நடுநிலை ஆகாது. மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதே உங்கள் வேலை.

கைகலப்பு நடந்தால் இருவரையும் பிரித்து, அடிபட்டவருக்கு முதலுதவி செய்து, பார்த்தவர்கள் யார் என்று குறித்து, அறிக்கை எழுதிக் கொடுப்பதோடு உங்கள் எல்லை முடிகிறது. விளக்கம் கேட்பதும் விசாரணை நடத்துவதும் நிர்வாகத்தின் நடைமுறைப்படி நடக்க வேண்டும். திருட்டுக் குற்றச்சாட்டும் இப்படித்தான். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் எடை குறைந்தால் ஒருவர் மற்றவரைச் சுட்டுவார். சரக்கு கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் எடை போட்டு எழுதும் ஏற்பாட்டை நீங்கள் கொண்டுவரலாம், ஆனால் யார் எடுத்தார் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

இதோடு, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழில் நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு அமைக்கப்பட வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் முடிவை ஏற்காத தொழிலாளிக்குப் போக இன்னொரு வாசல் இருக்கிறது என்பதை அறிந்த மேற்பார்வையாளர், தன் முடிவைத் திணிக்க மாட்டார்.

நான்காம் படி: துணைக் கேள்விகளுக்கு ஆயத்தமாதல்

முதல் பதிலை மனப்பாடம் செய்துவிடலாம் என்பது நேர்காணல் செய்பவருக்கும் தெரியும். அதனால் உண்மையான சோதனை அடுத்த கேள்வியில் தொடங்குகிறது.

“இருவரில் ஒருவர் உங்கள் ஊர்க்காரர் அல்லது சொந்தக்காரர் என்றால்?” என்ற கேள்வி சேலத்தில் கற்பனையானதில்லை. ஒரே ஊரிலிருந்து, ஒரே குடும்பத்திலிருந்து பலர் ஒரே இடத்தில் வேலை செய்வது இங்கே வழக்கம். “நான் பாரபட்சம் பார்க்க மாட்டேன்” என்ற உறுதிமொழி இங்கே போதாது, ஏனென்றால் நீங்கள் நியாயமாக நடந்தாலும் மற்றவர் அதை நம்பமாட்டார். “என் உறவை மேலாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், வேறொரு மேற்பார்வையாளரையும் உடன் வைத்துக்கொண்டு விசாரிப்பேன் அல்லது அவரையே விசாரிக்கச் சொல்வேன்” என்று செயலைச் சொல்லுங்கள். ஒருவர் முதலாளிக்கு வேண்டியவர் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாலும் இதே வழிதான்: நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி மேலாளரிடம் கொடுப்பது, கருத்தைக் கலக்காமல் கொடுப்பது.

வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் மொழியைப் பற்றிக் கேட்பார்கள். தகராறில் ஒரு தரப்பு இந்தியோ ஒடியாவோ பேசுகிறது, உங்களுக்கு அது தெரியாது என்றால், எதிர்த் தரப்பின் நண்பரை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒருவரைத் தேடுவேன் என்று சொல்லுங்கள். தமிழில் உரக்கப் பேசத் தெரிந்தவரின் கதை மட்டும் காதில் விழுந்து, மற்றவர் மௌனமாகத் தோற்றுப்போவதைத் தடுக்க இது ஒன்றே வழி.

“தீர்க்க முடியாமல் போன தகராறு உண்டா?” என்று கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள். பேசிப் பார்த்தும் ஒத்துவராமல், இருவரையும் வேறு வேறு ஷிப்டுக்கு மாற்ற வேண்டி வந்தது என்று சொல்வது தோல்வியாகாது. எதை முயன்றபின் அந்த முடிவுக்கு வந்தீர்கள், ஷிப்ட் மாற்றம் ஒருவருக்குத் தண்டனையாகத் தோன்றாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: சொல்லிப் பழகுதல்

பதிலை முதலில் தமிழில், உங்கள் வீட்டுப் பேச்சில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும் என்றால், அதன் பிறகு எளிய சிறு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம், நடுவில் ஒரு கேள்வி வந்தால் வரி மறந்துவிடும். சம்பவத்தின் ஐந்தாறு திருப்பங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். சொல்லுக்குத் தடுமாறும்போது, “சார், இந்த ஒரு இடத்தை மட்டும் தமிழில் சொல்லலாமா?” என்று கேட்பதில் தவறில்லை. தொழிலாளரோடு தமிழில் பேச வேண்டிய வேலைக்குத்தானே ஆள் எடுக்கிறார்கள்.

பழகும்போது நண்பர் ஒருவரைக் கேட்கச் செய்து, முடிந்ததும் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: இருவரில் யார் மீது எனக்குக் கோபம் என்று தெரிந்ததா? தெரிந்தது என்றால், சொல்லும் முறையில் சாய்வு இருக்கிறது என்று பொருள். “வேலைக்கள்ளன்”, “வாய்க்கொழுப்பு” போன்ற சொற்களை நீக்கிவிட்டு, அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் வைத்து மறுபடி சொல்லிப் பாருங்கள்.

இறுதியில் “உங்களுக்கு ஏதேனும் கேட்க வேண்டுமா?” என்று அவர்கள் கேட்கும்போது, இந்தப் பொருளையே ஒட்டிக் கேட்கலாம். ஓவர்டைம் பட்டியலை இங்கே யார் போடுகிறார்கள், இரண்டு பிரிவுகளுக்குள் பிணக்கு வந்தால் மேற்பார்வையாளர் எந்த அளவு வரை தாமே முடிவு செய்யலாம், எந்த இடத்தில் மனிதவளப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும், உள்ளகக் குழுவின் விவரம் தொழிலாளர் பார்வையில் படும்படி எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தெளிவான விடை வந்தால், முதல் நாளே உங்கள் எல்லை உங்களுக்குத் தெரிந்துவிடும். தயக்கமான விடை வந்தால், வேலையை ஏற்கும் முன் அந்த எல்லையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.